அம்மாச்சிக்கு ஒரு சீன எழுத்து: பச்சை குத்துவதற்கு முன் நடந்தவை

இதை எழுதும் காரணம்

சிங்கப்பூரில் 14 ஆண்டுகளாகப் பச்சை குத்தும் தொழிலில் இருக்கிறேன். என் கடைக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். வேல், ஓம், அம்மா பெயர், பிள்ளை பிறந்த தேதி என்று கேட்பார்கள். தமிழில் எழுத்துப்பிழை இருந்தால் நானே பார்த்துச் சொல்லிவிடுவேன். சீன எழுத்து கேட்டு வந்தால் அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. பள்ளியில் என் தாய்மொழிப் பாடம் தமிழ். சீனம் நாள் முழுக்கக் காதில் விழும், படிக்கத் தெரியாது.

தொழிலுக்கு வந்த புதிதில், அப்போது வேலை பார்த்த கடையில், சுவரில் மாட்டியிருந்த மாதிரித் தாளைப் பார்த்து ஓர் இளைஞருக்குச் சீன எழுத்து குத்தினேன். அவர் கேட்டது 'பெரிய' என்று பொருள் தரும் 'தா'. மூன்றே கோடுகள். தாளில் அதன் மேல் வலப்பக்கம் ஒரு புள்ளி இருந்தது. அழகுக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அதையும் குத்திவிட்டேன். அந்தப் புள்ளியோடு சேர்ந்தால் அது நாய். அதே புள்ளி கீழே இரண்டு கால்களுக்கு நடுவில் வந்தால் 'மிக அதிகம்'. புள்ளிக்குப் பதில் உச்சியில் ஒரு கோடு வந்தால் வானம். சீன நண்பர் ஒருவர் படித்துச் சொன்ன பிறகு அந்த இளைஞர் திரும்பி வந்தார். பணத்தைக் கொடுத்து, மேலே வேறு படம் போட்டு மறைத்தோம். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விடுபட்டால் சொல்லே மாறிவிடும் மொழியில் வளர்ந்தவன் நான். அந்தக் கவனத்தை இன்னொருவர் மொழிக்குக் கொடுக்காமல் போனது இன்றும் உறுத்துகிறது.

கீழே எழுதியிருப்பது வேறொரு வாடிக்கையாளருடைய நிகழ்வு. 2023 பிப்ரவரியில் தொடங்கி ஜூனில் முடிந்தது. அவரும் அவருடைய தாயாரும் இதைப் படித்துப் பார்த்துச் சம்மதித்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

வந்தவருக்கு 29 வயது. மருத்துவமனையில் தாதி. தமிழ்க் குடும்பம், வீட்டில் தமிழ்தான் பேச்சு. அவருடைய அம்மாவைப் பெற்றவர், அவர் வாயில் 'அம்மாச்சி', 2022 அக்டோபரில் 84 வயதில் காலமானார்.

அந்த அம்மாச்சி பிறப்பால் சீனர். 1938இல் பிறந்து சில மாதங்களிலேயே ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டவர். இது சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அந்தக் காலத்தில் அரிதான விஷயம் இல்லை. வறுமை, வரிசையாகப் பெண் குழந்தைகள், பிறகு ஜப்பானியர் ஆட்சிக் காலத்துப் பஞ்சம் என்று பல காரணங்களால் சீனக் குடும்பங்கள் பெண் சிசுக்களைத் தமிழ், மலாய்க் குடும்பங்களிடம் கொடுத்தன. பிறந்த ஆண்டும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. சீன நாட்காட்டியில் 1938 புலி ஆண்டு. புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கை சீனர்கள் பலரிடம் இருந்தது. நம்மில் சிலர் மூல நட்சத்திரத்துப் பெண்ணுக்குச் சொன்னதைப் போலத்தான் இதுவும்.

வளர்த்த தந்தை துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வளர்த்த தாய் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், முன்கையில் குறத்தி குத்திய கோலப் பச்சையோடு. குழந்தைக்குத் தமிழ்ப் பெயர் வைத்தார்கள், காது குத்தினார்கள், பருவம் வந்ததும் தமிழ் மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். தேக்கா ஈரச்சந்தையில் மீன்காரர் அவர் முகத்தைப் பார்த்து ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் விலை சொல்வாராம். இவர் மலாயில் பேரம் பேசுவார். வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலுக்குப் போனால், பக்கத்திலேயே இருக்கும் சீனர்களின் குவான் இம் கோயிலிலும் ஊதுபத்தி ஏற்றிவிட்டு வருவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவராகவும் சொன்னதில்லை.

அவர் இறந்த பிறகு அலமாரியில் ஒரு பழைய கொங் குவான் பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே நாலாக மடித்த பிறப்புத்தாள். அதில் ஆங்கில எழுத்தில் ஒரு சீனப் பெயர். பேத்தி அந்தப் பெயரை முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

முதல் சந்திப்பு: மூன்று படங்கள்

"அண்ணா, டாட்டூ போட்டே ஆகணும். அம்மாச்சி அவங்க அம்மா கையில இருந்த பச்சையைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. எனக்கு அவங்க எழுத்து என் கையில வேணும்" என்றார். கைத்தொலைபேசியில் மூன்று படங்கள் வைத்திருந்தார். எனக்கு மூன்றும் கோடுகளாகத்தான் தெரிந்தன. குத்துவதற்கு நாள் கொடுக்காமல், படித்துச் சொல்ல ஆள் பார்க்கிறேன் என்று அனுப்பினேன்.

என் கடைக்கு எதிர் புளோக்கில் ஓய்வுபெற்ற சீன மொழி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். தியோச்சியூ என்ற சீனப் பேச்சுமொழிக்காரர், எழுபதைத் தாண்டியவர். காலையில் கீழ்த்தளத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்து நாளிதழ் படிப்பார். மறுவாரம் பேத்தியை அழைத்துப் போய் அவரிடம் படங்களைக் காட்டினேன்.

முதல் படத்தில் 'பாட்டி' என்ற சொல். மொழிபெயர்ப்புச் செயலியில் 'கிராண்ட்மதர்' என்று அடித்து எடுத்தது. ஆசிரியர் பார்த்ததும் "உன் அப்பாவோட அம்மாவா?" என்று கேட்டார். செயலி கொடுத்தது 'நைநய்'. அது தந்தையைப் பெற்றவளுக்கு மட்டுமே உரிய சொல். தாயைப் பெற்றவளுக்கு 'வய்போ'. நாம் அப்பாயி, அம்மாச்சி என்று பிரிப்பதைச் சீனர்களும் பிரிக்கிறார்கள். தமிழிலிருந்து நேராகச் சீனத்துக்குப் போயிருந்தால் இந்தப் பிரிவு தானாகவே கூட வந்திருக்கும். ஆங்கிலம் வழியாகப் போனதால் பாதியில் தொலைந்துவிட்டது.

சரி, 'வய்போ' என்றே போடலாமே என்றேன். ஆசிரியர் அதிலுள்ள முதல் எழுத்தை விளக்கினார். 'வய்' என்றால் வெளி. மகளைக் கட்டிக் கொடுத்தால் அவள் வேறு குடும்பம் என்ற பழைய கணக்கில், மகள் வழி உறவெல்லாம் 'வெளி' உறவு. பேத்தியின் முகம் மாறியது. "வெளியே கொடுத்துட்டாங்கன்னுதானே அங்கிள் அவங்க எங்ககிட்ட வந்தாங்க. நான் மறுபடி வெளின்னு எழுதவா?" ஆசிரியர் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டாவது படம் புலி. யாரோ ஒருவரின் கழுத்தில் இருந்த பச்சையைப் படமெடுத்தது. ஆசிரியர் சட்டென்று சொன்னார்: இது தலைகீழ் இல்லை, ஆனால் இடவலம் மாறியிருக்கிறது. புலி எழுத்தின் கீழே வலது ஓரத்தில் மேல்நோக்கி நிமிரும் கொக்கி இந்தப் படத்தில் இடது ஓரத்தில் இருந்தது. கண்ணாடியில் எடுத்த படம் போல. நான் அப்படியே ஸ்டென்சில் (குத்துவதற்கு முன் தோலில் ஒட்டும் படி) எடுத்திருந்தால் அப்படியே குத்தியிருப்பேன்.

மூன்றாவது படம் அந்தப் பிறப்புத்தாள்.

ஒரே பெயர், இரண்டு எழுத்து

தாளில் இருந்த குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் என், ஜி என்ற இரண்டே எழுத்து. உச்சரிப்பு ஏறக்குறைய நம் 'ங்'. தமிழில் இந்த மெய் தனியாக ஒரு சொல்லாக நிற்பதில்லை. சீனர்களிடம் இது பெரிய குடும்பப் பெயர். பேத்தி இதைச் செயலியில் போட்டு 'ஹுவாங்' என்ற எழுத்தைப் பெற்றிருந்தார். மஞ்சள் நிறம் என்ற பொருளும் அதற்கு உண்டு. அவர் உள்ளூர ஆசைப்பட்டது இதைத்தான் என்பது அந்தத் தாளைத் தொட்ட விதத்திலேயே தெரிந்தது.

ஆசிரியர் பார்த்துவிட்டு, "சரிதான், இது ஹுவாங். என் மனைவி வீடும் இதே பெயர்தான்" என்றார். யோசிக்கவே இல்லை. நானும் ஒரு வழியாக முடிந்தது என்று நினைத்து, அளவு பேசத் தொடங்கிவிட்டேன்.

என் கடை வரிசையில் துணி சரிசெய்து கொடுக்கும், கான்டனீஸ் பேசும் சீன அம்மா ஒருவர் இருக்கிறார். அன்று மாலை அவர் கடையில் நின்றபோது பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். 'ங்' என்றதும், துணியில் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்தை எழுதிக் காட்டி, "எங்க அப்பா பெயர், எனக்குத் தெரியாதா?" என்றார். அவர் எழுதியது 'ஹுவாங்' இல்லை. வேறு எழுத்து. பொதுச் சீனமான மாண்டரினில் அதை 'வூ' என்று படிப்பார்கள்.

இருவரும் தவறு சொல்லவில்லை. 'ஹுவாங்' என்ற எழுத்தைத் தியோச்சியூக்காரரும் ஹொக்கியன்காரரும் 'ங்' என்கிறார்கள். கான்டனீஸ், ஹாக்கா வீடுகளில் 'வூ' என்ற எழுத்துதான் 'ங்'. அதே 'ஹுவாங்' கான்டனீஸ்காரர் வாயில் 'வோங்' ஆகிவிடும். காலனிக் காலத்து எழுத்தர் காதில் விழுந்த ஒலியை ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எழுத்து என்ன என்பது அந்தக் குடும்பம் வீட்டில் எந்த மொழி பேசியது என்பதைப் பொறுத்தது. தாளில் அது இல்லை. நான் கேட்ட இருவரும் அவரவர் வீட்டுப் பெயரைப் படித்திருக்கிறார்கள்.

மறுநாள் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாளின் படத்தை மறுபடி கேட்டார். இரண்டாவது பெயரைக் கூர்ந்து பார்த்தார். தங்கச்சி என்ற பொருளில் பெண் குழந்தைகளை அழைக்கும் பொதுப்பெயர் அது, எழுதியிருந்த விதம் கான்டனீஸ் அல்லது ஹாக்கா ஒலியாகத் தெரிகிறது என்றார். "ஆனால் எழுதியவர் எந்த ஊர்க்காரரோ, சொன்னவர் தாயா மருத்துவச்சியா என்றும் தெரியவில்லை. நான் நேற்று அவசரப்பட்டுவிட்டேன்" என்றார். அத்தனை வருடம் சீனம் கற்பித்தவர் என்னிடம் அதைச் சொன்னது எனக்குப் பெரிய விஷயம்.

அம்மாவின் மறுப்பு

இந்தக் கட்டத்தில்தான் பேத்தியின் அம்மா கடைக்கு வந்தார். அதுவரை மகள் என்ன செய்யப்போகிறாள் என்பது அவருக்கு முழுதாகத் தெரியாது. பச்சை குத்துவதில் அவருக்கு மறுப்பு இல்லை. குடும்பப் பெயரில்தான் மறுப்பு.

"வேண்டாம்னு கொடுத்த வீட்டுப் பேரு. அதை எதுக்குத் தூக்கிச் சுமக்கணும்? எங்க அம்மாவை வளர்த்தது யாரு? பால் வாங்கிக் கொடுத்தது யாரு?" என்று கேட்டார். குரல் உயரவில்லை, கண் கலங்கியிருந்தது.

மகள் சொன்ன பதில்: "அவங்க அந்தத் தாளைத் தூக்கிப் போடலையேம்மா."

நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. என் தொழிலில் வாடிக்கையாளர் சொன்னால் போதும், குடும்பம் முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் இறந்தவர் ஒருவருடைய பெயரைப் பற்றிப் பேசும்போது, அவரோடு வாழ்ந்தவர்களைத் தள்ளிவைத்துவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

கைவிட்டவை

மார்ச் கடைசியில் மூவரும் உட்கார்ந்து பேசி, குடும்பப் பெயரைக் கைவிடுவது என்று முடிவெடுத்தோம். இதை நான்தான் வற்புறுத்தினேன். இரண்டில் ஒன்று சரி, எது என்று நிரூபிக்க வழியில்லை. தவறான எழுத்தைக் குத்தினால், அம்மாச்சி வேறு யாரோ வீட்டுப் பிள்ளை என்று தோலில் எழுதி வைத்ததாகும். ஒரு தடவை வீடு மாற்றப்பட்டவரை நாம் இரண்டாம் தடவை மாற்றக் கூடாது என்றேன். பேத்தி அழுதுகொண்டே போனார். ஐந்து வாரம் வரவில்லை. அவர் வராமலே போயிருந்தாலும் அந்த முடிவை மாற்றியிருக்க மாட்டேன்.

புலியை அவரே விட்டுவிட்டார். புலி தன்னளவில் நல்ல சின்னம், தீயதை விரட்டும் என்று குழந்தைகளுக்குப் புலித்தலைத் தொப்பி போடுவார்கள் என ஆசிரியர் விளக்கியிருந்தார். அம்மாச்சியை எதற்காகக் கொடுத்தார்களோ அதையே பெருமையாக அணிவது என்பது பேத்தியின் எண்ணம். அது எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பார்ப்பவருக்கு அந்தக் கதை தெரியாது. கையில் தனியாக நிற்கும் புலி வீரம், முரட்டுத்தனம் என்றுதான் படும். இந்த ஊரின் பழைய ரகசியக் கும்பல்களின் நினைவும் சிலருக்கு வரும். 84 வயதுவரை பூ கட்டிக்கொண்டு இருந்தவருக்கு அது ஒட்டவில்லை.

அம்மாச்சியின் தமிழ்ப் பெயரைச் சீன எழுத்தில் ஒலியாக எழுதலாமா என்றும் பார்த்தோம். சீன நாளிதழ்கள் தமிழ்ப் பெயர்களை அப்படித்தான் எழுதுகின்றன. தர்மன் சண்முகரத்தினம் அங்கே 'ஷாங் தாமான்' ஆகிறார், எஸ். ஆர். நாதன் 'நாதான்'. தொனி வேறுபாட்டை விட்டுவிட்டால் மாண்டரினில் சுமார் 400 அசைகள்தான். அதற்குள் எந்தப் பெயரும் அடங்கியாக வேண்டும். எழுத்துகளை ஒலிக்காக எடுப்பதால் பொருள் கோவையாக வராது. நாளிதழில் பெயர் வரும் பிரபலங்களுக்கு நிலைத்த வடிவம் உண்டு. வீட்டில் இருந்த ஓர் அம்மாவுக்கு இல்லை. நாமாக ஒன்றை உண்டாக்கினால் அது அவர் ஒருநாளும் பார்த்திராத பெயர். அதையும் விட்டோம்.

'நியென்'

மே மாதம் பேத்தி திரும்பி வந்தார். இந்த முறை படம் எதுவும் கொண்டுவரவில்லை. கோப்பிக் கடையில் ஆசிரியர் அவரிடம் வேறு விதமாகக் கேட்டார். அவரை என்னவென்று அழைப்பது என்பதை விடு, அவரிடம் நீ என்ன சொல்ல வேண்டும்? பேத்தி யோசித்துவிட்டு, "ஒண்ணும் இல்லை அங்கிள். நினைச்சுக்கிட்டே இருக்கேன், அவ்வளவுதான்" என்றார்.

சீன இறுதிச் சடங்கு ஒன்றில் பார்த்த எழுத்து அழகாக இருந்ததே, அது நினைவுக்கு உரியதுதானே என்று நான் நடுவில் கேட்டேன். ஆசிரியர் கையை அசைத்து மறுத்தார். மலர்வளையத்தின் நடுவில் பெரிதாக எழுதும் 'தியென்' அது. இறந்தவருக்கு வைக்கும் படையலுக்கான எழுத்து. உயிரோடு இருப்பவர் கையில் அதைப் பார்த்தால் சீனர்கள் பதறிப்போவார்கள் என்றார்.

பிறகு நாளிதழ் ஓரத்தில் பேனாவால் எட்டுக் கோட்டில் ஓர் எழுத்தை எழுதினார். 'நியென்'. மனத்தில் வைத்திருத்தல், ஒருவரை எண்ணி ஏங்குதல். மேலே இருப்பது 'ஜின்', தனியாக நின்றால் 'இப்போது'. கீழே 'ஷின்', இதயம். "இப்போதும் இதயத்தில்!" என்று பேத்தி சொல்லிவிட்டார். ஆசிரியர் திருத்தினார். கீழே உள்ள இதயம் பொருளுக்காக, மேலே உள்ளது ஒலிக்காக. சீன எழுத்துகளில் பெரும்பாலானவை இப்படிப் பொருள் பாதி, ஒலி பாதியாகச் சேர்ந்தவை. பச்சைக் கடைகளில் சொல்லும் படக்கதைகளில் பல பிறகு கட்டியவை. கி.பி. 100 வாக்கில் தொகுத்த பழைய சீன அகராதி இந்த எழுத்துக்கு 'எப்போதும் நினைத்திருத்தல்' என்றே பொருள் சொல்கிறது, அதுவே போதும் என்றார். எனக்கும் அந்தப் பழைய பொருள்தான் நிறைவாக இருந்தது.

எங்களுக்கு அதிகம் உதவியது வேறொன்று. இந்த எழுத்தை மாண்டரினில் நியென் என்றும், கான்டனீஸில் நிம் என்றும், ஹொக்கியனில் லியாம் என்றும் படிப்பார்கள். ஒலி வேறு, எழுத்தும் பொருளும் ஒன்று. குடும்பப் பெயர் விஷயத்தில் எந்த வீடு என்று தெரியாததால் எழுத்தே கைநழுவியது. இங்கே எந்த வீடாக இருந்தாலும் எழுத்து மாறாது. அம்மாச்சியைப் பெற்றவர்கள் எந்த மொழி பேசியிருந்தாலும், எழுத்தறிந்தவர்களாக இருந்தால் இதைத் தங்கள் வாயால் படித்திருப்பார்கள்.

எளிமைப்படுத்திய வடிவமா பழைய வடிவமா என்ற சிக்கலும் இல்லை. சிங்கப்பூர் 1969இல் தொடங்கி, 1976இல் சீனாவின் எளிய எழுத்து முறையை முழுதாக ஏற்றுக்கொண்டது. 1938இல் பிறந்தவருக்கு எழுதும்போது பழைய வடிவமே பொருத்தம் என்று நினைத்திருந்தோம். அன்பைக் குறிக்கும் 'அய்' எழுத்தில் பழைய வடிவத்தின் நடுவில் இதயம் உண்டு, புதியதில் இல்லை. 'நியென்' இரண்டிலும் ஒன்றே.

ஆசிரியர் ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். இதே எழுத்துக்கு உரக்க வாசித்தல் என்ற பொருளும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் பாடம் படிப்பதையும் இந்தச் சொல்லால்தான் சொல்வார்கள். தனியாகப் பார்ப்பவர் 'படி' என்று புரிந்துகொள்ளலாம், சிலர் சிரிக்கவும் செய்வார்கள்.

பேத்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளி விட்டு வந்ததும் பேத்திதான் அவருக்குத் தமிழ் முரசு நாளிதழை உரக்க வாசித்துக் காட்டுவார். மரண அறிவிப்புகளிலிருந்து தொடங்கச் சொல்வாராம், தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க. அந்தப் பழக்கம் 12 வயதிலிருந்து கடைசி வாரம்வரை இருந்திருக்கிறது. "ரெண்டு அர்த்தமும் எனக்கு வேணும் அங்கிள்" என்றார்.

அம்மாவிடம் அன்றிரவே படத்தை அனுப்பினார். "இது சரி" என்று மட்டும் பதில் வந்தது. தையல்கார அம்மாவிடமும் தனியாகக் காட்டினேன். எதுவும் சொல்லாமல் நீட்டி, இது என்ன, யார் கையில் பார்த்தால் என்ன நினைப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். "நிம். யாரையோ நினைக்கிறார்கள்" என்றார். அதற்குப் பிறகுதான் நாள் குறித்தேன்.

தாளிலிருந்து தோலுக்கு

கணினியில் உள்ள எழுத்துருவை எடுக்கவில்லை. அச்சுக்காகச் செய்த எழுத்து தோலில் முத்திரை போல விறைத்து நிற்கும். ஆசிரியர் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் புது மையும் தாளும் வாங்கி வந்து, தூரிகையால் பதினைந்து தடவைக்கு மேல் எழுதினார். சாய்ந்து ஓடும் நடைகள் பார்க்க அழகு, ஆனால் படிக்கப் பழக்கம் வேண்டும். 'கைஷு' எனும் திருத்தமான நடையைத் தேர்ந்தோம். யாரும் படிக்க முடியும், ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்கும் தெரியும். கோடு போடும் வரிசையை என்னை எழுத வைத்துப் பழக்கினார். அது இல்லாமல் குத்தினால் கோட்டின் தலையும் வாலும் மாறிவிடும்.

இடம்: அவர் முதலில் மணிக்கட்டு கேட்டார். தாதி வேலையில் நாளுக்குப் பல தடவை கை கழுவ வேண்டும், கிருமிநாசினி தடவ வேண்டும். புதுப் பச்சை அங்கே ஆறாது. புஜத்தின் உட்புறம் என்று மாற்றினோம். அளவு நாலரை சென்டிமீட்டர். மை ஆண்டுக்கணக்கில் தோலுக்குள் மெல்லப் பரவும். இந்த எழுத்தில் நாலு சிறு புள்ளிகள் இருக்கின்றன. சின்னதாகப் போட்டால் பத்து வருடத்தில் அவை பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

என் தவறு ஒன்று கடைசி நேரத்தில் பிடிபட்டது. ஆசிரியர் எழுதிய தாளை ஸ்கேன் செய்து, சுற்றிலும் தெறித்திருந்த மைத்துளிகளை நீக்கிச் சுத்தம் செய்தேன். கூரை போன்ற மேல்பகுதிக்குக் கீழே இருந்த சிறு புள்ளியையும் துளி என்று நினைத்து அழித்துவிட்டேன். அது எழுத்தின் மூன்றாவது கோடு. ஸ்டென்சிலைத் தோலில் ஒட்டிய பிறகு, குத்துவதற்கு முன் ஆசிரியர் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "ஏழுதான் இருக்கிறது" என்றார். எனக்கு உடம்பு சில்லிட்டது. பல வருடங்களுக்கு முன்னால் வேண்டாத புள்ளியைச் சேர்த்தேன், இப்போது வேண்டிய புள்ளியை எடுத்திருக்கிறேன். ஸ்டென்சிலைத் துடைத்து, மறுபடி எடுத்து ஒட்டி, எட்டையும் அவர் விரலால் எண்ணிய பிறகு மெஷினை எடுத்தேன்.

கறுப்பு மை மட்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. அம்மா மகளின் மறு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு

மூன்று வாரத்தில் தோல் உரிந்து ஆறியது. கீழே இதயப் பகுதியில் ஒரு புள்ளி வெளிறியிருந்ததால், ஏழாவது வாரம் வந்து சரிசெய்துகொண்டார். ஆசிரியர் சொன்னபடியே சீனச் சக ஊழியர் ஒருவர், "இன்னும் பரீட்சைக்குப் படிக்கிறாயா?" என்று கேட்டாராம். தமிழ் முரசு கதையைச் சொன்னதும் அவர் மன்னிப்புக் கேட்டார், தேவையில்லை என்று இவர் சொல்லியிருக்கிறார்.

சில மாதம் கழித்து இன்னொன்று சொன்னார். வார்டில் சொட்டு மருந்துப் பையை மாட்டக் கையைத் தூக்கியபோது சட்டைக் கை சரிந்திருக்கிறது. கட்டிலில் படுத்திருந்த வயதான சீனப் பெண்மணி அதைப் பார்த்து 'நிம்' என்று மெல்லப் படித்துவிட்டு, யாரை என்று மலாயில் கேட்டிருக்கிறார். பாட்டியை என்று இவர் சொல்ல, இருவரும் கொஞ்ச நேரம் பேசியிருக்கிறார்கள்.

குடும்பப் பெயர் 'ஹுவாங்'கா 'வூ'வா என்பது இன்றும் தெரியாது. பிறப்புத்தாள் அதே டின்னில், இப்போது அம்மாவின் அலமாரியில் இருக்கிறது.

அடுத்த முறை மாற்றிக்கொள்வது

ஒருவர் படித்தால் போதும் என்று இனி நினைக்க மாட்டேன். தையல்கார அம்மாவிடம் நான் பேசியது தற்செயல். அன்று அவர் கடைக்குப் போகாமல் இருந்திருந்தால் ஆசிரியரின் வீட்டுப் பெயரைக் குத்தி அனுப்பியிருப்பேன். இப்போது சீன எழுத்து என்று வந்தால், வெவ்வேறு பேச்சுமொழி வீடுகளைச் சேர்ந்த இருவரிடம் தனித்தனியாகக் காட்டுகிறேன். பொருளை முன்கூட்டிச் சொல்வதில்லை. சொல்லிவிட்டால் மரியாதைக்காக ஆமாம் என்பார்கள்.

செயலிப் படத்தோடு வருபவரிடம் அது சரியா தவறா என்று தொடங்காமல், யாருக்காக, என்ன சொல்ல என்று முதலில் கேட்கிறேன். ஆசிரியர் மே மாதம் கேட்ட கேள்வியை நான் பிப்ரவரியிலேயே கேட்டிருந்தால் அந்தப் பெண் ஐந்து வாரம் அழுதிருக்க வேண்டாம். இறந்தவர் நினைவாக என்றால் வீட்டில் யாரிடம் பேசியிருக்கிறீர்கள் என்றும் கேட்கிறேன். அம்மாவை முதல் நாளே அழைத்திருக்க வேண்டும்.

தூரிகை எழுத்தைக் கணினியில் சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டேன். துளிகளை எழுதியவரே வட்டமிட்டுக் காட்ட வேண்டும், நான் அழிக்கிறேன். ஸ்டென்சில் ஒட்டிய பிறகு கோடுகளை எண்ணிப் பார்க்க, மொத்த எண்ணிக்கையை முன்பே தாளில் குறித்து வைக்கிறேன்.

ஆசிரியர் அந்த நாலு மாதமும் என்னிடம் கோப்பிக்கு மேல் எதுவும் வாங்கவில்லை. அது சரியில்லை என்று இப்போது படுகிறது. படித்துச் சொல்வதற்கும் எழுதித் தருவதற்கும் தனிக் கட்டணம் வைத்து, வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் முதலில் மறுத்தார், அப்புறம் மை, தாள் செலவுக்கு மட்டும் என்று வாங்கிக்கொள்கிறார். தையல்கார அம்மா பேரம் பேசி முழுதாக வாங்கிக்கொள்கிறார்.